காபி மிஷின் ஏன் இறுகுது?

பையை மிதிச்சுடாதீங்க சார். பார்த்து. உள்ள இரும்பு இருக்கு. மிதிச்சா அதுக்கு ஒண்ணும் ஆகாது, உங்க கால் விரல்தான் போகும். எட்டு கிலோவுக்குக் குறையாது. கண்டக்டர் மேல கம்பியில தூக்கி வைக்கச் சொல்றாரு. அவருக்கென்ன, சொல்லிட்டுப் போயிடுவாரு. ஒரு பிரேக் அடிச்சா யார் தலையில விழும்? காபிக்கொட்டை அரைக்கற மிஷின் சார். கையால சுத்தறது. ரொம்பப் பழசு.

நான் கரூர்ல இறங்கணும். நீங்க? ஈரோடா? நல்லதாப் போச்சு, பேச்சுத்துணைக்கு ஆள் இருக்கு. எனக்கு இதை யார்கிட்டயாவது சொல்லியே ஆகணும். வீட்டுல சொன்னா காது குடுத்துக் கேக்க மாட்டேங்கறா. நீங்க கேட்டுட்டு நியாயத்தைச் சொல்லுங்க.

மூணு மாசம் சார். மூணு மாசமா இந்தச் சனியனோட மல்லுக்கட்டறேன். நான் ஒண்ணும் தெரியாத ஆள் இல்லை. பேரு சவரிராயன், ஊரு திருச்சி. பொன்மலை ஒர்க்‌ஷாப்புல முப்பத்தஞ்சு வருஷம் ஃபிட்டர். ரயில் எஞ்சினையே பிரிச்சுப் போட்டு மாட்டின கை இது. ஒரு காபி மிஷினை மாட்டத் தெரியாதா எனக்கு? மாட்டிட்டேன். பளபளன்னு புதுசு மாதிரி ஆக்கிட்டேன். ஆனா சுத்தினா இறுகுது. அவ்வளவுதான் விஷயம். இறுகுது. எதனால இறுகுதுன்னு ஒருத்தனுக்கும் சொல்லத் தெரியலை.

முதல்லேர்ந்து சொல்றேன். வர்ற ஞாயித்துக்கிழமை எங்களுக்குக் கல்யாணமாகி நாப்பது வருஷம். எனக்கும் சலேத்துக்கும். சலேத் மேரி, என் சம்சாரம். பூசை வெச்சு, அறுபது பேருக்குச் சொல்லியிருக்கேன். மூணு மாசத்துக்கு முன்னாடி வீட்டுக்கு வெள்ளையடிக்கறதுக்காகப் பரண்ல இருந்ததெல்லாம் இறக்கினோம். கோணிச் சாக்குல சுத்தி, சணல் கயிறு போட்டுக் கட்டி, பரணோட கடைசி மூலையில, உடைஞ்ச தொட்டிலுக்குப் பின்னாடி இது கிடந்தது. ஏழு முடிச்சு சார் அந்தக் கயித்துல. அவ்வளவு பத்திரமா வெச்சிருக்கா.

பார்த்ததும் எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. வெக்கப்படாம சொல்றேன். எங்கப்பா நினைப்பு வந்துடுச்சு. அவரும் ஒர்க்‌ஷாப்புதான். ஒரு வெள்ளைக்கார ஃபோர்மேன் ஊருக்குப் போறப்ப அவர்கிட்ட வாங்கினது இது. எங்கப்பாவுக்குக் காபிப்பொடி அப்பப்ப அரைச்சாகணும். நேத்து அரைச்ச பொடி ஆகாது. காலையில அரைச்ச பொடி சாயங்காலத்துக்கு ஆகாது. ஒரு வாய் குடிச்சதும் சொல்லிடுவாரு, "இது செத்த பொடி". டம்ளரை அப்படியே நகர்த்தி வெச்சுடுவாரு. ராஜா மாதிரி ஆளு.

நான் கல்யாணம் பண்ணின காலத்துல எங்க வீட்டுல பதினோரு உருப்படி. அம்மா முன்னமே போயிட்டாங்க. அப்பா, நான், எனக்குக் கீழ தம்பிங்க அஞ்சு பேர், பெண்டாட்டி இல்லாத ஒரு சித்தப்பா, ஊர்லேர்ந்து வேலைக்கு வந்து எங்க வீட்டுல தங்கியிருந்த ரெண்டு பேர். இதுல சலேத்து ஒருத்திதான் பொம்பளை. ஒர்க்‌ஷாப் சங்கு ஊதறதுக்கு முன்னாடி அத்தனை பேருக்கும் காபி. பத்து மணிக்கு அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் வர்றவங்க போறவங்களுக்கும் ஒரு தடவை. சாயங்காலம் வேலை விட்டு வந்தா மறுபடியும் எல்லாருக்கும். மூணு வேளையும் புதுப்பொடி. அடுப்படியில பலகையில மாட்டியிருக்கும் மிஷின். இவ சுத்துவா பாருங்க, அப்படியே பேசிக்கிட்டே சுத்துவா. ஒரு கையில சுத்துவா, இன்னொரு கையில பாலைக் கிளறுவா. நான் அந்தச் சத்தம் கேட்டுத்தான் கண்ணு முழிப்பேன். கர்ர் கர்ர்னு. நாதஸ்வரம் தோத்துடும் சார்.

எனக்குக் கல்யாணமாகிப் பதினாறாம் வருஷம் அப்பா போனாரு. முப்பதாம் நாள் பூசை முடிஞ்ச அன்னிக்கே, சலேத்து தானாவே ஸ்பேனரை எடுத்து போல்ட்டைக் கழட்டி, இதை இறக்கிட்டா. நான் சொல்லவே இல்லை. மாமனார் நினைப்பு அவளை வாட்டும்போல, அந்த மிஷினைப் பார்க்கவே அவளால முடியலை. அவ்வளவு பாசம். அன்னியிலேர்ந்து பாக்கெட் பொடிதான். நானும் வாயைத் திறக்கலை.

அதான், இதைச் சரிபண்ணி, நாப்பதாவது வருஷத்துக்கு அவளுக்குப் பரிசாக் குடுப்போம்னு முடிவு பண்ணினேன். என் பொண்ணு ரெஜினா பெங்களூர்ல இருக்கா. போன்ல சொன்னேன். "அம்மாவைக் கேட்டீங்களாப்பா?"ங்கறா. பரிசு குடுக்கறவன் கேட்டுட்டா குடுப்பான்? இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு எதுவும் தெரியறதில்லை.

வேலையை ஆரம்பிச்சேன். ஒரு வாரம் மண்ணெண்ணெயில ஊறப் போட்டேன். வயர் பிரஷ், எமரி பேப்பர், எல்லாம் என் கையாலயே. துருவெல்லாம் போய் அடியில வார்ப்பு இரும்பு தெரிஞ்சது பாருங்க, கருங்கல் மாதிரி. பிரிச்சு ஒவ்வொண்ணா அளந்தேன். இங்கதான் எனக்கு ஆச்சரியம். நான் கணக்குப் போட்டேன் சார், ஃபிட்டர் புத்தி போகாதே. பதினோரு பேருக்குப் பொடி அரைக்க ஏறக்குறைய முந்நூறு சுத்து. பத்து மணிக்குக் கொஞ்சம் கம்மி. ஒரு நாளைக்கு எண்ணூத்து நாப்பதுன்னு வைங்க. பதினாறு வருஷம் ஓடியிருக்கு. பெருக்கிப் பாருங்க. அம்பது லட்சத்துக்குக் கொஞ்சம் கம்மி. அம்பது லட்சம் சுத்து! ஒரு நாள் லீவு கிடையாது. ஈஸ்டருக்கும் ஓடியிருக்கு, கிறிஸ்துமஸுக்கும் ஓடியிருக்கு. ரெஜினா பொறந்த பத்தாம் நாளே ஓடியிருக்கு.

அவ்வளவு ஓடியும் பல்லு தேயலை சார். நடுவுல சுத்தற ஷாஃப்ட்ல மயிரிழை அளவுகூடத் தேய்மானம் இல்லை. இரும்புன்னா அது இரும்பு.

கைப்பிடியில இருந்த மரக்கட்டை மட்டும் ஒரு பக்கம் குழிஞ்சிருந்தது. கட்டை விரல் அழுத்தற இடத்துல சின்னப் பள்ளம். அது பார்க்க அசிங்கமா இருந்துச்சு. கழட்டிக் குப்பையில போட்டுட்டு, தேக்குல புதுசா உருட்டி மாட்டினேன். சலேத்து அந்தப் பழைய கட்டையைக் குப்பையிலேர்ந்து எடுத்தா. உள்ளங்கையில வெச்சு, பள்ளத்துல விரலை வெச்சுப் பார்த்தா. சரி, ஞாபகார்த்தமா வெச்சுக்கப் போறாபோலன்னு நினைச்சேன். திரும்பக் குப்பையிலயே போட்டுட்டுப் போய் அரிசி களைய உக்காந்துட்டா. அவ எப்பவுமே அப்படித்தான், ஒட்டுறவு கிடையாது எதுலயும்.

எல்லாத்தையும் மாட்டி முடிச்சு, கொட்டையைப் போட்டு, நானே முதல் தடவை சுத்தினேன். சுத்தினேன்னு சொல்றதைவிட, சுத்தப் பார்த்தேன். இருபது சுத்துலயே கை கடுக்குது. நாப்பதுல முழங்கை. அறுபதுல நிறுத்திட்டு உக்காந்துட்டேன் சார், மூச்சு வாங்குது. கொட்டை பாதி அப்படியே நிக்குது. என்னடா இது, எங்கயோ பிடிக்குதேன்னு மறுபடி பிரிச்சேன். ஷாஃப்டைத் தாங்கற இடத்துல பித்தளையில புது புஷ் போட்டேன். அப்பவும் இறுகல். கிரீஸ் வெச்சேன். அந்தக் காபியைத் தம்பி சின்னப்பன்தான் முதல்ல குடிச்சான். "அண்ணே, லோகோ ஷெட்டை வடிகட்டிக் குடுத்த மாதிரி இருக்கு"ன்னு துப்பிட்டான். அப்புறம் தேங்கா எண்ணெய். அதுக்கும் அசையலை.

நீங்களே சொல்லுங்க, பேசிக்கிட்டே, ஒரு கையால பாலைக் கிளறிக்கிட்டே ஒரு பொம்பளை சுத்தின மிஷின். அம்பது கிலோகூட இருக்க மாட்டா அப்போ. அது இப்படி இறுகியா இருந்திருக்கும்? வாய்ப்பே இல்லை. ஆக, பரண்ல கிடந்ததுல ஏதோ ஆகியிருக்கு. நாக்குத் தள்ளுது எனக்கு, என்னன்னுதான் பிடிபட மாட்டேங்குது.

அரியமங்கலத்துல இஸ்மாயில் பாய்னு ஒருத்தர் லேத் பட்டறை வெச்சிருக்காரு. வேலை சுத்தம். அவர்கிட்ட கொண்டுபோனேன். அளக்கற டயல் வெச்சுப் பார்த்தாரு. "ஷாஃப்ட் நேரா இருக்கு, சவரி. பல்லு சரியா உக்காந்திருக்கு. உங்க வேலையில ஒரு குத்தமும் இல்லை." பின்ன ஏன் பாய் இறுகுதுன்னேன். "இறுகலை. கொட்டை உடையுது, அதுக்குப் பலம் வேணும்ல?" அப்படீங்கறாரு. எனக்குக் கோவம் வந்துடுச்சு. எடுத்துக்கிட்டு வந்துட்டேன்.

அப்புறம் மார்க்கெட்டுல ஒரு காபிக்கடை செட்டியார். மூணு தலைமுறையா கொட்டை வறுத்து அரைக்கற குடும்பம். அவரு ஒரு பத்து சுத்து சுத்திப் பார்த்துட்டுச் சிரிக்கறாரு. "நல்லாத்தானய்யா இருக்கு! கை மிஷின்னா இப்படித்தான் இருக்கும். அதனாலதான் ஒருத்தன் மோட்டாரைக் கண்டுபிடிச்சான்"னாரு. கடையில இருந்தவங்களும் சேர்ந்து சிரிக்கறாங்க. எனக்கு எப்படி இருக்கும்? என் சர்வீஸுல ஒருத்தன் என் வேலையைப் பார்த்துச் சிரிச்சதில்லை.

இருங்க, எடுக்கறேன். இல்லை இல்லை, எனக்கு ஒண்ணும் சிரமமில்லை. குளித்தலை தாண்டிட்டா பஸ்ஸும் அவ்வளவா குலுங்காது. கொட்டையும் ஒரு டப்பாவுல வெச்சிருக்கேன். நான் முட்டிக்கு நடுவுல இறுக்கிப் பிடிச்சுக்கறேன், நீங்க சுத்துங்க. வெளி ஆள் ஒருத்தர் சொன்னாத்தான் எனக்கு நிம்மதி. ம், அப்படித்தான். வலது பக்கமா. சுத்துங்க. ஏன் சார் நிறுத்திட்டீங்க? பன்னெண்டு சுத்துதானே ஆச்சு. கை மாத்தாதீங்க சார், அவ மாத்தவே மாட்டா, இடது கை பால் கிளறணும்ல. சுத்துங்க, சுத்துங்க. இருபது... இருபத்தஞ்சு... போதும், விடுங்க. வேர்த்துடுச்சு உங்களுக்கு. பார்த்தீங்களா? இறுகுதா இல்லையா? நான் சொன்னேனே! அந்த பாயும் செட்டியாரும் கண்ணைத் திறந்துக்கிட்டே பொய் சொல்றாங்க.

கரூர்ல பழைய மிஷின் பார்க்கற ஒருத்தர் இருக்காராம். தறி, தையல் மிஷின், எல்லாம் பார்ப்பாராம். கடைசியா அவர்கிட்ட காட்டிடலாம்னுதான் கிளம்பினேன். இன்னிக்கு வெள்ளிக்கிழமை. நாளைக்கு ஒருநாள்தான் கையில. கார்டு வேற அடிச்சுட்டேன் சார். இந்தாங்க, நீங்களே படிச்சுப் பாருங்க. "திருப்பலிக்குப் பின், சலேத் மேரி தம் கைப்பட அரைத்த காபி விருந்து." என் யோசனைதான். போட்டோக்காரன் வர்றான். எல்லாரும் சுத்தி நிக்க, அவ பழையபடி சுத்தணும். அவளால முடியாம நடுவுல நின்னுட்டா என் மானம் போயிடாது? ஃபிட்டர் சரிபண்ணின லட்சணம் பாருன்னு சின்னப்பனே சொல்லுவான்.

கார்டை அவகிட்ட காட்டினேன். படிச்சா. மடிச்சு மேசையில வெச்சா. "நீங்க அரைங்களேன். நான் உக்காந்து குடிக்கறேன். ஒரு தடவை." அப்படீங்கறா. நான் சிரிச்சுட்டேன். அறுபது பேர் முன்னாடி நான் நின்னு அரைக்கறதா? அவ சிரிக்கலை. அவளுக்கு எப்பவுமே தமாஷ் பண்ணத் தெரியாது, பண்ணினாலும் முகத்தைச் சீரியஸா வெச்சுப்பா.

அவகிட்டயே கேட்டுட்டேன் சார், நேராவே. அப்போ எப்படி இருந்துச்சு இது, லேசா சுத்துமா, உனக்குத்தானே தெரியும், சொல்லுன்னேன். வெங்காயம் நறுக்கிக்கிட்டு இருந்தா. தலையைக்கூடத் தூக்கலை. "இப்ப எப்படி இருக்கோ அப்படித்தான் இருந்துச்சு"ன்னா. எனக்கு என்ன கோவம் தெரியுமா? நான் இங்க மூணு மாசமா உயிரை விடறேன், இவ வாய்க்கு வந்ததைச் சொல்றா. அப்படி இறுகியிருந்தா பதினாறு வருஷத்துல ஒரு தடவையாவது சொல்லியிருக்க மாட்டியா? கஷ்டமா இருக்குன்னு ஒரு வார்த்தை? நான் அங்கேயேதானே இருந்தேன்? கூடத்துல உக்காந்து பேப்பர் படிச்சுக்கிட்டு? கேட்டேன். "சொன்னேன்"னா. எப்ப சொன்னே? "ரெஜினா பொறந்த வருஷம். நீங்க எண்ணெய் விட்டீங்க." அவ்வளவுதான். அப்புறம் வெங்காயத்துல போயிட்டா.

எண்ணெய் விட்டது ஞாபகம் இருக்கு. நல்லா இருந்துச்சு அப்புறம். அவ திரும்பச் சொல்லவே இல்லையே.

ஒரு வேலை ஒழுங்கா பார்க்க விட மாட்டேங்கறா சார் இந்த மூணு மாசமா. துணி காயப்போடணும், கொடிக்கு வலது கை எட்ட மாட்டேங்குதுன்னு என்னைக் கூப்பிடுவா. போன வருஷத்துலேர்ந்து தலை பின்னிக்கறதையும் விட்டுட்டா, இடது கையாலயே ஒரு கொண்டை. பார்க்கச் சகிக்கலை. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போனேன், போகாம இல்லை. அந்த டாக்டரம்மா படம் எடுத்துப் பார்த்துட்டு, தோள்பட்டை மூட்டு ரொம்பத் தேஞ்சிருக்கே, என்ன வேலை பார்த்தீங்கம்மான்னு கேட்டாங்க. நான்தான் சொன்னேன், வேலைக்கெல்லாம் போனதில்லைங்க, வீட்டுல சும்மாதான் இருந்தா. சுவத்துல ஏதோ காலண்டர் தொங்குச்சு, அவ அதையே பார்த்துக்கிட்டு இருந்தா. வயசானா வர்றதுதான். ஒரு தைலம் எழுதிக் குடுத்தாங்க.

இப்ப எனக்கும் அந்தத் தைலம்தான். சிரிக்காதீங்க. மூணு மாசமா இதைச் சுத்திச் சுத்திப் பார்த்ததுல, ஒரு நாளைக்கு நூறு சுத்து இருக்குமா, நூத்தம்பது? அவ்வளவுதான். அதுக்கே வலது பக்கம் பிடிச்சுக்கிச்சு. டம்ளரைத் தூக்கினா சுருக்குங்குது. வீட்டுல மூச்சு விடலை நான். பொன்மலை ஃபிட்டர் ஒரு காபி மிஷினைச் சுத்தித் தோள் போச்சுன்னா வெளியில சொல்ல முடியுமா? சட்டை போடறப்பகூடப் பல்லைக் கடிச்சுக்கிட்டுப் போட்டேன்.

நேத்து சாயங்காலம் சேர்ல உக்காந்து டி.வி. பார்த்துக்கிட்டு இருக்கேன். சலேத்து பின்னாடி வந்து நின்னா. கையில தைலப் புட்டி. "சட்டையைக் கழட்டுங்க"ன்னா. எதுக்குன்னேன். "கழட்டுங்க." கழட்டினேன். இடது கைக் கட்டை விரலை எடுத்து, தோள்பட்டை எலும்புக்கு அடியில, முதுகுத்தண்டுப் பக்கமா ஒரு இடம் இருக்கு, நேரா அங்க வெச்சு அழுத்தினா. தடவித் தேடவே இல்லை சார். நேரா அங்க. எனக்கு உயிர் போய் உயிர் வந்துச்சு.

அழுத்திக்கிட்டே சொல்றா, சாதாரணமா, சாம்பாருக்கு உப்புப் பத்தலைங்கற மாதிரி. "முதல்ல இங்கதான் பிடிக்கும். அப்புறம் கழுத்துக்கு ஏறும். இந்தப் பக்கமாப் படுக்க முடியாது. ரெண்டு மூணு வருஷம் போனா, காலையில எந்திரிக்கறப்ப இந்த ரெண்டு விரல் மரத்திருக்கும். உதறினா சரியாயிடும். அப்புறம் உதறினாலும் சரியாகாது." புட்டியை மூடினா. கையைப் புடவையில துடைச்சுக்கிட்டு உள்ள போயிட்டா.

நான் டி.வி.யைப் பார்த்துக்கிட்டே உக்காந்திருந்தேன். என்ன ஓடுச்சுன்னு கேட்டா தெரியாது.

நீங்க ஏன் சார் என்னை அப்படிப் பார்க்கறீங்க? ஏதாவது சொல்லுங்க. ஏறினதுலேர்ந்து நான்தான் பேசிக்கிட்டு வர்றேன். உங்க கை எப்படி இருக்கு இப்ப? கடுக்குதா? எங்க, இங்கயா? இருபத்தஞ்சு சுத்துதான் சுத்தினீங்க.

அம்பது லட்சம்னு சொன்னேன்ல. பல்லு தேயலை, ஷாஃப்ட் தேயலைன்னு. நான்தான் அளந்தேன். என் கையால அளந்தேன்.

கரூரா? அதுக்குள்ள வந்துடுச்சா? ஆமா, பஸ் ஸ்டாண்டுதான். நான் வலிக்குதுன்னே சொல்லலை சார் அவகிட்ட. எந்த இடம்னு சத்தியமா சொல்லலை.

வர்றேன், வர்றேன் கண்டக்டர், கத்தாதீங்க, கனமா இருக்குல்ல. இல்லை சார், நீங்க உக்காருங்க, நானே தூக்கிக்கறேன். வலது கையில வேண்டாம், இப்படி, இடது கையில குடுங்க. ஆச்சு.

கண்டக்டர், திருச்சிக்குத் திரும்பிப் போற பஸ் எந்தப் பக்கம் நிக்கும்?